பிரம்பு வெளுக்கும் அறை

பிரம்பை எனக்கு முதலில் அடியாகத்தான் தெரியும். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு, மலாய் இடைநிலைப் பள்ளியின் ஆரம்பமான புகுமுக வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது உள்ளங்கையில் வாங்கியது. அந்த வருடம் முடியும் முன்பே பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு லாரியில் சாமான் இறக்கினேன், சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினேன், கிடங்கில் மூட்டை தூக்கினேன். ஓரிடத்திலும் ஒரு வருடம் தாண்டி நின்றதில்லை. வேலை கஷ்டம் என்று நான் ஓடியது கிடையாது. வேலை பழகிவிட்டால்தான் ஓடுவேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அப்படி ஓடி வந்து நின்ற இடம் ஜெலுத்தோங்கில் ஒரு பிரம்பு நாற்காலிப் பட்டறை. இரண்டு கடை வீடுகளை இடித்து ஒன்றாக்கிய இடம். முன்னால் விற்பனை, நடுவில் வேலை, பின்னால் ஒரு செங்கல் அறை. சன்னல் இல்லாத அந்த அறைக்குப் ‘புகை ரூம்’ என்று பெயர். ஈரப் பிரம்பை அதற்குள் அடுக்கி, இரும்புச் சட்டியில் மஞ்சள் கந்தகக் கட்டிகளைப் போட்டுப் பற்ற வைத்து, கதவைச் சாத்தி, இடுக்கில் நனைத்த கோணிச் சாக்கைத் திணித்துவிட்டுப் போவோம். மறுநாள் காலையில் திறந்தால் அழுக்கு மஞ்சளாக இருந்த பிரம்பு வெளுத்திருக்கும்.

புகை ரூம் என்று பெயரே தவிர, திறக்கும்போது புகை எதுவும் தெரியாது. அதுதான் ஏமாற்று. கண்ணுக்கு ஒன்றும் இல்லாத இடத்தில் காலை வைத்தால் ஆயிரம் தீக்குச்சியை ஒன்றாக உரசி மூக்குக்குள் விட்டது போல இருக்கும். கண் எரிந்து நீர் கொட்டும். தொண்டை தானாக மூடிக்கொள்ளும். நாங்கள் ஈரத் துண்டை வாயிலும் மூக்கிலும் கட்டிக்கொண்டு போவோம். வெளியே வந்து அவிழ்த்தால் துண்டு பட்ட இடமெல்லாம் மிளகாய் தேய்த்தது போல எரியும். திறந்த பிறகு ஒரு கோப்பைத் தே குடித்து முடிக்கும் நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். ஆனால் தேயை எவ்வளவு சூடாகக் கொடுப்பது என்பது பட்டறை முதலாளியான தவுக்கே கையில் இருந்தது. அவசர வேலை இருந்தால் பெரும்பாலும் ஐஸ் போட்டுத்தான் வரும்.

தவுக்கே கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடலாம் என்று தோன்றும். எழுபதைத் தாண்டிய சீனக் கிழவர். எங்களோடு மலாயில் பேசுவார், திட்டும்போது மட்டும் தன் ஹொக்கியன் மொழி. புகை ரூமுக்கு அவரும்தான் போய் வருவார். அவர் குரல் எப்போதும் கரகரவென்று இருந்தது. பிறவிக் குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புகை ரூம் கதவுக்கு அடுத்தாற்போல் ஒரு சிமெண்ட் தொட்டி. அதன் பக்கத்தில் ஒரு மேசை. அந்த மேசையில் வேலை செய்த அக்காவைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

அக்கா நாற்காலியின் மூட்டுகளைக் கட்டுபவர். பிரம்பு நாரைத் தொட்டியில் ஊற வைத்து, ஈரம் காயும் முன்பே இழுத்துச் சுற்ற வேண்டும், காய்ந்தால் முறியும். அதனால் மேசை தொட்டியை விட்டு நகராது, அக்காவும் நகரமாட்டார். சம்பளம் போரோங்; எத்தனை நாற்காலி கட்டினாரோ அதற்குத்தான் காசு. வீடு பக்கத்து அடுக்குமாடியில். நான் வேலையில் சேர்ந்த அன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீ எத்தன நாளைக்கு லா? பேர் கேட்டு வச்சுக்கலாமா, வேணாமா?” என்றார்.

அவருக்கு இருமல் இருந்தது. காலையில் கதவு திறந்ததும் தொடங்கும், மத்தியானம் தணியும். ஞாயிற்றுக்கிழமை வராது. இதை அவரே ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னார்: “என் இருமலு சர்ச்சுக்குப் போற இருமலு தம்பி. ஞாயித்துக்கெழம லீவு.” எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேருமே அதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

அவருக்குக் கேஸ்டிக், வயிற்றுப் புளிப்பு, என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். மேசை மேல் எப்போதும் வெள்ளை மருந்துப் போத்தல் ஒன்று இருக்கும். நெஞ்சு அடைத்தால் குலுக்கி ஒரு மடக்குக் குடிப்பார். உறைப்பு, புளி, தேங்காய்ப்பால், காப்பி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரொட்டியும் கஞ்சியுமாக ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் சாமான் இறக்கப் போனால் நான் கறி ஊற்றிய நாசி கண்டார் சோறு கட்டிக்கொண்டு வருவேன். பொட்டலத்தைப் பிரித்ததும் அக்கா மூக்கை மூடிக்கொள்வார். “தின்னு, தின்னு. நானும் இப்படித் தின்னுதான் நெஞ்சு பூரா அங்ஙின் ஏறிப் போய்க் கெடக்கேன்.” அங்ஙின் என்றால் மலாயில் காற்று. வயிற்றில் வாயு சேர்ந்தாலும் அதே சொல்தான்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு நாள் அடுக்குமாடியின் மின்தூக்கி கெட்டுப்போயிருந்தது. படியேறிய அக்கா இரண்டாம் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். மோட்டார் சைக்கிளில் ஏற்றி, அவர் வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அன்றைக்குத்தான் உள்ளே கூடவே போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் மலாயில் என்ன செய்கிறது என்று கேட்டார்.

அக்கா சந்தை மலாயில் சொன்னார்: “நெஞ்சுக்குள்ள நெறைய அங்ஙின் டாக்டர். தொண்ட வரைக்கும் ஏறுது.”

“அசிட் மேல வருதா?”

“ஆமா டாக்டர், அசிட்டுதான். ரொம்ப அசிட். டெய்லி அசிட்.”

டாக்டர் தலையை ஆட்டிவிட்டுக் கணினியில் தட்டத் தொடங்கினார்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை, பிறகு எல்லாம் புரிந்தது. புகை ரூமில் வரும் நெடியைப் பட்டறையில் நாங்கள் எல்லோரும் ‘அசிட்’ என்றுதான் சொல்வோம். ‘இன்னிக்கு அசிட் தூக்கலா இருக்கு, துண்ட நனச்சுக் கட்டு’ என்போம். டாக்டர் கேட்டது வயிற்றில் ஊறும் அசிட். அக்கா சொன்னது பட்டறை அசிட். டாக்டர் புரிந்துகொண்டது வாயு. அக்கா சொன்னது மூச்சு. இருவரும் ஒரு வருடமாக மிக ஒற்றுமையாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நான் குறுக்கே புகுந்தேன். “டாக்டர், வயித்து அங்ஙின் இல்ல. வேலை செய்யிற எடத்துல புகை ரூம் இருக்கு.”

“சிகரெட் குடிப்பாங்களா?”

“யாரு டாக்டர்?” என்று அக்கா பதறினார். “பொம்பளயப் பாத்து என்னா கேள்வி இது!”

“சிகரெட் இல்ல டாக்டர். ரூம்ல பெலேராங் பத்த வைப்போம். பிரம்பு வெளுக்க.”

பெலேராங் என்றால் கந்தகம். அந்தச் சொல்லைக் கேட்டதும் டாக்டர் தட்டுவதை நிறுத்தினார். எழுந்து வந்து, அக்காவின் முதுகில் குழலை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். ஒரு வருடமாக யாரும் முதுகைத் தொடவில்லை என்று அக்கா பிறகு சொன்னார். கேஸ்டிக் என்று வருபவருக்கு வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள், முதுகுக்கு என்ன வேலை? டாக்டர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அவர் கேட்டதற்கு இவர் பதில் சொன்னார், இவர் சொன்னதற்கு அவர் மருந்து கொடுத்தார். மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று சொல்லி உறிஞ்சும் மருந்து ஒன்றைக் கொடுத்தார். அந்தப் புகை இருக்கும் பக்கம் போகாதீர்கள் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா அந்த மருந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பம்ப்புல்ல? இத ஒருக்கா அடிச்சா அப்புறம் விடவே முடியாதாம். எனக்கு வேணாம்பா. வெள்ள மருந்தே நல்லா கேக்குது.”

“அது வயித்துக்கு அக்கா!”

“வயித்துக்கு மேலதான நெஞ்சு இருக்கு. எறங்கற வழிதான?”

மருந்தை அவர் கையிலேயே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன்.

மறுநாள் தவுக்கேயிடம் போனேன். அக்காவின் மேசையையும் தொட்டியையும் முன்பக்கம் போட வேண்டும் என்று கேட்டேன். அவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு சோப்புக்கட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மஞ்சள் சோப்பு. கந்தக சோப்பு.

“இது என்ன? மருந்து. சொறி, சிரங்கு எல்லாத்துக்கும் மருந்து. டவுன்ல எந்த மருந்துக்கடையிலயும் இருக்கு. வெந்நீர் ஊத்துல ஜனங்க காசு குடுத்து உக்காந்து இந்த வாசனையத்தான் மோந்துட்டு வர்றாங்க. இங்க ஃப்ரீ.”

“அது தோலுக்கு தவுக்கே. இது நெஞ்சுக்குள்ள போவுது.”

“நாப்பது வருசமா என் நெஞ்சுக்குள்ளயும் போவுது. நான் செத்துட்டேனா?” இதைச் சொல்லி முடிக்கும்போது அவருக்கு இருமல் வந்தது. முடியும்வரை காத்திருந்தேன். அவரும் கொஞ்சம் வெட்கப்பட்டார் போலிருந்தது. ஆனால் தொட்டியை நகர்த்தினால் குழாய் மாற்ற வேண்டும், தரை உடைக்க வேண்டும், முன்பக்கம் வாடிக்கையாளர் நிற்கும் இடம் நனையும் என்று அடுக்கினார். எல்லாம் உண்மைதான். எரிச்சலே அதுதான். யார் சொல்வதும் பொய்யாக இல்லை.

அக்காவிடம் வந்தால் அவரும் தவுக்கே கட்சி. “கந்தகம் மருந்துதான தம்பி. நாட்டு வைத்தியத்துலயே இருக்கே.”

தவுக்கே ஒரு காரியம் செய்தார். புகை ரூமின் பின்சுவரில் ஓட்டை போட்டு, காற்றை வெளியே இழுக்கும் ஒரு விசிறி மாட்டினார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. கதவைத் திறந்தால் கண்ணைத் திறந்தபடியே உள்ளே போக முடிந்தது. மூன்றாம் நாள் பின்சந்தில் ஒரே கூச்சல். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்கள் துணி காயப் போடும் இடம் அது. பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது, கிழவி ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது என்று தமிழிலும் மலாயிலும் ஹொக்கியனிலும் திட்டு விழுந்தது. விசிறியை நிறுத்தினோம். அவர்கள் பக்கமும் நியாயம்தானே? அங்கே போகாவிட்டால் இங்கே இருக்கும், இங்கே இல்லாவிட்டால் அங்கே. அதை எங்கேதான் கொண்டுபோய்க் கொட்டுவது?

இதற்கிடையே வேலை கூடிக்கொண்டே போனது. டவுனில் பழைய கடைவீடுகளைத் தங்கும் விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பிரம்பு நாற்காலி வேண்டும். அதுவும் வெள்ளை வெளேரென்று வேண்டும். ஒரு கடையில் நாற்காலிகளை இறக்கி வைத்தபோது, ஒரு பெண் நாற்காலியைத் தடவிப் பார்த்து, “இயற்கையா இருக்குல்ல?” என்று தன் தோழியிடம் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டாள். பிரம்பின் இயற்கை நிறம் சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும் தங்கச்சி என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் நாற்காலி திரும்பி வரும், அக்கா கட்டிய கூலி போகும்.

அந்த மாதிரி ஓர் அவசர வேலையில்தான் அது நடந்தது. கதவைத் திறப்பது என் வேலை. அன்று காலை என் மோட்டார் சைக்கிள் டயர் பஞ்சராகி நான் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. தவுக்கே பொறுக்க முடியாமல் தானே திறந்துவிட்டார். அக்கா அதற்குள் தொட்டியில் கையை விட்டு வேலையைத் தொடங்கியிருந்தார். நான் சந்து முனையில் திரும்பும்போதே கண் எரிந்தது. உள்ளே ஓடினேன். அக்கா தரையில் உட்கார்ந்து தொட்டி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. உதடு கறுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது, அந்த ஒரு மூச்சும் வரவில்லை. தவுக்கே செய்தித்தாளால் விசிறிக்கொண்டே ஹொக்கியனில் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். திட்டவில்லை, அழுதார்.

அவர் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிவப்பு விளக்கில்கூட அவர் நிற்கவில்லை.

அங்கே முகமூடி வழியாக மருந்துப் புகையைக் கொடுத்தார்கள். தோள் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஒரு தமிழ் டாக்டர் பெண், சின்ன வயது, என்னிடம் விவரம் கேட்டார். இந்த முறை நான் ஒரு சொல்லையும் சும்மா விடவில்லை. கந்தகம் என்றேன், பெலேராங் என்றேன், மூடிய அறை என்றேன், கேஸ்டிக் இல்லை என்று மூன்று தடவை சொன்னேன்.

“புரியுதுண்ணே,” என்றார் அவர். “அந்தக் காத்து ஈரத்துல பட்டா அசிட் ஆயிடும். கண்ணு ஈரம், மூக்கு ஈரம், தொண்ட ஈரம், நெஞ்சுக் கொழா ஈரம். அதான் அங்கல்லாம் எரியுது. இவங்களுக்கு ஆஸ்துமா இருக்கு, அதனால கொஞ்சம் போனாலும் கொழா டக்குனு சுருங்கிடும். வேலை செஞ்சு மூச்சு வாங்கும்போது வாயால இழுப்போம்ல, இன்னும் ஆழமாப் போவும்.”

“ஈரத் துண்டு கட்டுறோம் டாக்டர்.”

“துண்டு கொஞ்சம் புடிக்கும். அப்புறம் துண்டே அசிட்டாயிடும். அதுக்குன்னு தனி மாஸ்க் இருக்கு, அது வேணும். ஆனா இவங்க அந்த எடத்துல இருக்கவே கூடாது. வேலைய மாத்தச் சொல்லுங்க.”

அக்கா முகமூடிக்குள்ளிருந்தே இல்லை இல்லை என்று தலையாட்டினார். கொஞ்சம் மூச்சு வந்ததும் முதலில் பேசியது இதைத்தான்: “வேலைய மாத்து… சாப்பாட்ட மாத்து… நல்லவேள, புருசன… மாத்துன்னு சொல்லல. அது தானாவே… மாறிப் போச்சு.” டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலையை மாற்றுவதாம். எங்கே? ஐம்பத்தைந்து வயது, ஆறாம் வகுப்பு, மூட்டுக் கட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. பேருந்து ஏறி இறங்கினாலே மூச்சு வாங்கும். பட்டறை வீட்டுக்குப் பக்கத்தில். அவரை யார் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்? நான் மாற்றினால் மாற்றலாம். சட்டைப்பையில் பல்துலக்கியோடு ஊர் ஊராகப் போனவன். அந்த வாரம் முழுக்கப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். எனக்கும் காலையில் தொண்டையில் ஏதோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பத்து இருமல் இருமினால்தான் குரல் வரும்.

அக்கா மறு வாரமே வந்துவிட்டார். பம்ப்பை முந்தானையில் முடிந்திருந்தார். அதை மட்டும் ஒப்புக்கொண்டார். மேசை அதே இடம், தொட்டி அதே இடம்.

நான் தவுக்கேயிடம் போய்ப் புகை ரூம் சாவியைக் கேட்டேன். ஒன்றுதான் இருக்க வேண்டும், அது என்னிடம் இருக்க வேண்டும் என்றேன். அவர் இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தார். அந்த நாளுக்குப் பிறகு கதவைத் தொட அவருக்கும் பயம். டாக்டர் சொன்ன மாஸ்க் வாங்கித் தரச் சொன்னேன். அவசர வேலைகள் முடியட்டும், வாங்கலாம் என்றார். அவசர வேலை எப்போது முடிந்திருக்கிறது?

இப்போது காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நான்தான் திறக்கிறேன். துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, முன்கதவு, நடுக்கதவு எல்லாம் விரியத் திறந்துவிட்டு, மூக்கு ஒப்புக்கொள்ளும்வரை யாரையும் உள்ளே விடுவதில்லை. காற்று இல்லாத நாளில் வெகுநேரம் ஆகும். அதுவரை எல்லோரும் வெளியே அஞ்சடியில், கடை வாசல் நடைபாதையில் நிற்க வேண்டும். போரோங் வேலைக்காரர்களுக்கு நிற்கும் நேரமெல்லாம் நஷ்டம். அதிகமாக நஷ்டப்படுவது அக்காதான். அதனால் அதிகமாகத் திட்டுவதும் அவர்தான்.

போன வாரம் ஒரு நாள் இலைகூட அசையவில்லை. கதவுகளைத் திறந்து வைத்தும் உள்ளே நெடி அப்படியே நின்றது. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தத் தொடங்கினார்.

“ஏன்டா தம்பி, நீ என்னா கோயில் வாசல்ல நிக்கிற பூதமா, இப்படி மறிச்சுக்கிட்டு நிக்கிற, வெயில் ஏறிப் போச்சு, நான் எப்ப நார ஊற வைக்க, எப்ப கட்ட, சாயந்தரம் தவுக்கே எண்ணும்போது எனக்கு மட்டும் கொறையும்ல, நாலு எடத்துல நிக்க முடியாம ஓடுனவன் இங்க மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறியே, வேற ஊரே கெடைக்கலயா ஒனக்கு?”

இவ்வளவையும் அவர் நடுவில் ஓரிடத்திலும் நிறுத்தாமல் சொன்னார். பம்ப்பைத் தொடக்கூட இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு இருமி முடிக்கும்வரை அக்கா இடுப்பில் கையோடு காத்திருந்தார். முடித்ததும், விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார்.